பூனைகள் இருக்கும் வீட்டுக்கு நாய்க்குட்டி: எந்த வழியில் அறிமுகம் செய்வது?

நாய்க்குட்டி வரும் நாள் முடிவாகிவிட்டது, வீட்டில் ஏற்கனவே பூனைகள் இருக்கின்றன, இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "ஒரே அறையில் விடு, ரெண்டு நாளில் பழகிடும்" என்கிறார் ஒருவர். "பூனைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்து" என்கிறார் இன்னொருவர். கேட் வாங்கு, லீஷ் (பிடித்துக்கொள்ளும் கயிறு) போடு, குட்டியைத் தனி அறையில் வை என்று மற்றவர்கள். இதில் எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியை எடுத்தாலும் கட்டுப்பாடு நாய்க்குட்டிக்கு இருக்க வேண்டும், வீடு பூனையிடம் இருக்க வேண்டும். பூனைக்குத் தன் இடம்தான் பாதுகாப்பு. கன்னத்தையும் உடம்பையும் நாற்காலிக் காலிலும் கதவு ஓரத்திலும் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையால் அந்த வீட்டையே தனக்குப் பழக்கமானதாக ஆக்கி வைத்திருக்கிறது. அன்றைக்கு வந்து இறங்கிய 8 வாரக் குட்டிக்கு அங்கே இன்னும் எதுவும் சொந்தமில்லை. ஒரு மூலையைக் காட்டி இதுதான் உன் இடம் என்றால் கொஞ்சம் அழுதுவிட்டு ஏற்றுக்கொள்ளும். ஆனால் நிறைய வீடுகளில் பாவம் என்று குட்டியை எங்கும் ஓடவிட்டுவிட்டு, பாதுகாப்பு என்று பூனையை அடைத்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை தரும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஒரே வீட்டில் வாழும் நாய்களையும் பூனைகளையும் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பூனை முதலில் வந்து நாய் பிறகு வந்த வீடுகளில் உறவு நன்றாக அமைந்தது தெரிந்தது. நாய் 1 வயதுக்குள்ளும் பூனை 6 மாதத்துக்குள்ளும் அறிமுகமாகியிருந்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டில் வரிசை ஏற்கனவே சரியாகத்தான் இருக்கிறது. வளர்ந்த பூனைகள் என்றால் நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

வழிகளைப் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூனைக்கு வழி இருக்கிறதா? சாப்பாடு, தண்ணீர், லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் பெட்டி), தூங்கும் இடம் நான்குக்கும் நாயைத் தாண்டாமல் போய்வர முடிய வேண்டும். எனக்கு இதுதான் முதல் கேள்வி.

குட்டி என்ன பழகுகிறது? பூனை ஓடும், குட்டி துரத்தும். துரத்துவதே குட்டிக்குப் பெரிய பரிசு, நீங்கள் தனியாக எதுவும் கொடுக்க வேண்டாம். நாலு தடவை துரத்திவிட்டால் பூனை என்றாலே துரத்தும் பொருள் என்று மனதில் பதிந்துவிடும். 3 கிலோ குட்டி செய்யும்போது சிரிப்பாக இருப்பது 25 கிலோ ஆனபிறகு சிரிப்பாக இருக்காது.

காயம் படுமா? இரண்டு பக்கமும். பூனைக்கு ஆபத்து என்று மட்டும்தான் நினைக்கிறோம், ஆனால் தொடக்க வாரங்களில் குட்டியின் கண்ணுக்குத்தான் அதிக ஆபத்து.

தவறு நடந்தால் பின்வாங்க முடியுமா? ஒரே ஒரு மோசமான சந்திப்பு பூனையின் மனதில் வாரக்கணக்கில் நிற்கும். மெதுவாகப் போகும் வழியில் ஒரு படி பின்னால் வைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

உங்களால் தொடர்ந்து செய்ய முடியுமா? எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும், வீட்டில் இருக்கும் எல்லோரும் அதைக் கடைப்பிடிக்காவிட்டால் பயன் கிடையாது.

## ஒரே பார்வையில்

| வழி | பூனைக்கு | குட்டிக்கு | உங்கள் உழைப்பு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| நேராக ஒரே அறையில் விடுவது | அதிர்ச்சி, ஓட்டம் | துரத்தும் பழக்கம், கண் காயம் | முதல் நாள் குறைவு, பிறகு அதிகம் | நாயோடு வாழ்ந்து பழகிய தைரியமான பூனை |
| பூனைகளைத் தனி அறையில் வைப்பது | வீட்டை இழக்கிறது | சுதந்திரம், ஆனால் எதுவும் கற்பதில்லை | குறைவு | முதல் சில மணி நேரம், நோயாளிப் பூனை |
| குட்டியைத் தனி அறையில் வைப்பது | நிம்மதி | தனிமை, அழுகை | நடுத்தரம் | முதல் சில நாட்கள் |
| பேபி கேட் (வாசலில் வைக்கும் தடுப்புக் கதவு) அல்லது ப்ளேபென் (குட்டியைச் சுற்றி வைக்கும் வேலி) | பார்த்துப் பழகலாம், விலகலாம் | பார்த்தும் அடங்கக் கற்கும் | நடுத்தரம், ஆனால் வாரக்கணக்கில் | பெரும்பாலான வீடுகள் |
| லீஷில் சந்திப்பு | நெருக்கம், ஓரளவு பாதுகாப்பு | நேரடிப் பயிற்சி | முழுக் கவனம் வேண்டும் | கேட் கட்டம் தாண்டிய பிறகு |

## வழி 1: நேராக ஒரே அறையில் விடுவது

இதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. சில வீடுகளில் தைரியமான பூனை மூக்கில் ஒரு தட்டு தட்டும், குட்டி பின்வாங்கும், அதோடு கதை முடியும். ஆனால் அது நடப்பதற்குப் பூனை தன் இடத்தில் நின்று தட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஓடும் பூனை என்றால் நடப்பது துரத்தல்தான்.

அப்புறம் கண். கண்ணை நோக்கி ஏதாவது வேகமாக வந்தால் இமையை மூடிக்கொள்ளும் அனிச்சை நாய்க்குட்டிக்குப் பிறந்ததும் வந்துவிடுவதில்லை, முதல் சில மாதங்களில்தான் முழுதாக வளர்கிறது. பூனையின் தட்டு விழும்போது குட்டி கண்ணைத் திறந்தபடியே நிற்கும். கருவிழியில் நகம் கிழித்தால் சிகிச்சையும் செலவும் பெரிது, பார்வையே போகவும் வாய்ப்புண்டு. பக், ஷிட்ஸு மாதிரி கண் துருத்திக்கொண்டிருக்கும் இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எந்த வழியில் போனாலும் குட்டி வருவதற்கு முன்பே பூனைகளின் நக நுனிகளை வெட்டிவிடுங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு, தவறாகப் புரிந்துகொள்வது. பூனை ஓடவில்லை, சீறவில்லை, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பழகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். கண்பாவை விரிந்து, காது பக்கவாட்டில் சாய்ந்து, உடம்பு சுருங்கி உட்கார்ந்திருந்தால் அது பயத்தில் உறைந்திருக்கிறது. பழகிய பூனை சோம்பல் முறிக்கும், தன்னை நக்கிச் சுத்தம் செய்யும், குட்டிக்கு முதுகைக் காட்டி நடக்கும்.

ஏற்கனவே நாயோடு வாழ்ந்த பூனை, ஏறி உட்கார உயரமான இடம், ஓடி விளையாடிக் களைத்துப்போன குட்டி. இந்த மூன்றும் இருந்தால் இந்த வழி பலிக்கலாம். அப்போதும் குட்டிக்கு லீஷ் போடுங்கள்.

## வழி 2: பூனைகளைத் தனி அறையில் வைப்பது

மிகச் சுலபமாகத் தோன்றுவது இதுதான், அதனால்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான்.

பூனை உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் வெளியே அதன் வாசனை மங்கிக்கொண்டே போகிறது, குட்டியின் வாசனை எல்லா இடத்திலும் ஏறிக்கொண்டே வருகிறது. ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் பூனை தன் வீட்டுக்குள் வருவதில்லை, நாயின் வீட்டுக்குள் வருகிறது. பழக்கவே இல்லை, தள்ளிப்போட்டிருக்கிறோம், அதுவும் பூனைக்குப் பாதகமாக.

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. தனித்தனி மூலையில் இருந்து ஒன்றையொன்று பொறுத்துப்போன பூனைகளை ஒரே அறையில் அடைத்து, கதவுக்கு வெளியே நாய் குரைக்கும் சத்தத்தையும் கேட்கவைத்தால், அந்தப் பதற்றத்தைப் பக்கத்தில் இருக்கும் பூனை மேல் காட்டும். வருடக்கணக்கில் ஒன்றாகத் தூங்கிய பூனைகள் இப்படி எலியும் பூனையுமாக மாறிப்போவது நிஜமாகவே நடக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் ராசியாகிவிட்ட பிறகும் பூனைகளுக்குள் விழுந்த விரிசல் நிற்கும்.

உடம்பும் தாங்காது. மன அழுத்தம் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சியைக் கொண்டுவரும். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் அது அவசர சிகிச்சை. சாப்பிடாமல் கிடப்பதும் ஆபத்துதான், குறிப்பாகக் குண்டுப் பூனைகளுக்கு, சில நாள் பட்டினியிலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து நோயாகிவிடும்.

ஆனாலும் இந்த வழி தேவைப்படும் நேரங்கள் உண்டு. குட்டி வந்து இறங்கும் அந்தச் சில மணி நேரக் களேபரத்தில் பூனைகள் ஓர் அறையில் இருப்பது நல்லது. மிக வயதான, நோயுற்ற பூனை, ஏற்கனவே அந்த ஓர் அறையிலேயே காலம் தள்ளும் பூனை, இவற்றுக்கு அந்த அறையை விட்டுக்கொடுத்துவிடலாம். அப்படி வைத்தால் ஒரு பூனைக்கு ஒரு லிட்டர் பாக்ஸ், அதற்கு மேல் ஒன்று, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, ஏற ஓர் உயரம் என்று எல்லாம் உள்ளேயே இருக்கட்டும். குட்டி க்ரேட்டில் (அதன் கூண்டில்) தூங்கும்போதெல்லாம் பூனைகளை வெளியே விட்டு வீட்டைச் சுற்றிவரச் செய்யுங்கள். குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூங்கும், அதனால் நேரத்துக்குப் பஞ்சமில்லை.

## வழி 3: குட்டியைத் தனி அறையில் வைப்பது

பூனைக்கு வீடு முழுக்க மிச்சம், புதிய வாசனை ஒரு கதவுக்குப் பின்னால் மட்டும். வேண்டுமென்றால் கதவிடுக்கில் மோந்து பார்க்கும், வேண்டாமென்றால் போய்விடும். பூனைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இந்த நாட்களில் வாசனையைப் பரிமாறுங்கள். மெல்லிய துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி அதைக் குட்டியின் படுக்கைக்குள் வையுங்கள். குட்டியின் துணியைப் பூனை நடமாடும் வழியில் ஓர் ஓரமாகப் போடுங்கள், அதன் படுக்கையிலும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் போடாதீர்கள், ஏனென்றால் அருகில் போகலாமா வேண்டாமா என்பதைப் பூனைதான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் துணியை மோந்துவிட்டுச் சாதாரணமாக நடந்து போனால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இதன் செலவைக் கொடுப்பது குட்டி. தாயையும் கூடப் பிறந்தவற்றையும் பிரிந்து வந்திருக்கிறது, இரவில் தனியறையில் அழும். யாராவது பக்கத்தில் படுக்க வேண்டியிருக்கும். இதைவிடப் பெரிய விஷயம், சுமார் 3 முதல் 14 வாரம் வரைதான் நாய்க்குட்டியின் மனம் புதிய உயிர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் உள்வாங்கிக்கொள்ளும் காலம். 8 வாரத்தில் வந்த குட்டிக்கு அதில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்தான், அதைப் பூனையைப் பார்க்காமலே கழிக்கவிட்டால் நல்ல வாய்ப்பு கைநழுவிவிடும். அதனால் இரண்டு மூன்று நாட்கள், பூனை மிகவும் பயந்த சுபாவம் என்றால் ஒரு வாரம். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

## வழி 4: பேபி கேட் அல்லது ப்ளேபென்

முக்கிய வேலை நடப்பது இங்கேதான். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும், மோக்கும், கேட்கும், ஆனால் தொட முடியாது. பூனை எழுந்து போக நினைத்தால் போகலாம், குட்டியால் பின்னால் போக முடியாது. துரத்தல் தொடங்கவே இடமில்லை.

முதலில் கேட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். பூனை தூரத்தில் இருந்தே பார்க்கட்டும். அந்த தூரத்தில் அதற்கு மிகப் பிடித்த சாப்பாட்டை வையுங்கள். நிம்மதியாகச் சாப்பிட்டால் அடுத்த நாள் தட்டைச் சற்றுக் கிட்டே நகர்த்தலாம், பாதியில் விட்டுவிட்டுக் குட்டியையே வெறித்தால் அளவுக்கு மீறிக் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம், பழைய தூரத்துக்கே போங்கள். குட்டிப் பக்கம் விதி ஒன்றே ஒன்று: பூனையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பி உங்களைப் பார்த்தால் உடனே ட்ரீட். பூனையைப் பார்த்ததற்கு அதட்ட வேண்டாம். பூனை வந்தாலே திட்டு விழுகிறது என்று கற்றுக்கொண்டால் பூனை மேல்தான் வெறுப்பு வரும்.

மறைமுகச் செலவுகள் இங்கேயும் உண்டு. கேட்டில் பூனைக்கென்று சிறிய கதவு வைத்தது நல்லது என்பார்கள், ஆனால் பூனை நுழையும் ஓட்டையில் 8 வாரக் குட்டியும் நுழையும். முதல் மாதங்களில் பூனை தாண்டிக் குதிக்கக்கூடிய, குட்டி ஏற முடியாத கேட்தான் சரி. மூட்டுவலி உள்ள வயதான பூனையால் தாண்ட முடியாது, அதன் பக்கம் ஒரு முக்காலி வைத்துவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவே குட்டியின் தலை சிக்காத அளவு இடைவெளியா என்றும் பாருங்கள். பெரிய இனக் குட்டி மளமளவென்று வளர்ந்து சில மாதங்களில் ப்ளேபென்னைத் தாண்டிவிடும், உயரமானதாகவே வாங்குங்கள்.

கம்பிக்குப் பின்னால் நின்று குரைத்துக் குரைத்து வெறியேற்றிக்கொள்ளும் குட்டிகளும் உண்டு. பார்க்க முடிகிறது, போக முடியவில்லை என்ற எரிச்சல் அது. அப்போது கேட்டை நம்பி விட்டுவிடாதீர்கள், துணியை மறுபடி இறக்குங்கள், குட்டியை வெளியே அழைத்துப்போய்க் களைக்க வைத்துவிட்டுக் கூட்டி வாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வீட்டு மனிதர்கள். யாரோ ஒருவர் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

## வழி 5: லீஷில் சந்திப்பு

இதை முதல் நாளே செய்பவர்கள் அதிகம், ஆனால் கேட்டுக்கு இரு பக்கமும் இரண்டும் சும்மா இருக்கப் பழகிய பிறகுதான் இதற்கு நேரம். கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் நல்லது. லீஷ் தளர்ந்து தொங்க வேண்டும், இழுத்துப் பிடித்தால் குட்டியின் படபடப்புதான் ஏறும். ஐந்து நிமிடம் போதும், இரண்டும் சலிப்பாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டவே கூடாது. தப்பிக்க வழியில்லாத பூனை உங்கள் முகத்தில்தான் நகத்தைப் பதிக்கும்.

குட்டி உடம்பு விறைத்து, வாய் மூடி, சத்தமே இல்லாமல் பூனையை வெறித்தால் உடனே அழைத்துப் போய்விடுங்கள். துள்ளல், முன்னங்காலை மடக்கி விளையாட அழைப்பது, குரைப்பது எல்லாம் பூனைக்குத் தொல்லைதான், ஆனால் விளையாட்டு. அந்த மௌன வெறிப்புதான் வேட்டையின் தொடக்கம்.

இந்த வழியின் விலை உங்கள் முழுக் கவனம். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

## அப்போ எதை எடுப்பது

மூன்றாவது வழியைச் சில நாட்கள், நான்காவதை வாரக்கணக்கில், அதற்குள் போகப் போக ஐந்தாவது. பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இந்த வரிசைதான். பூனைகள் பல என்றால் ஒவ்வொன்றாக, தைரியமானது முதலில், பயந்தது கடைசியில். ஒன்று இரண்டே வாரத்தில் குட்டியோடு படுத்துவிடும், இன்னொன்று பல மாதம் அலமாரி மேல் இருந்து இறங்காது, இரண்டுமே சரிதான். தரையைத் தொடாமல் ஓர் அறையைக் கடக்கிற மாதிரி அலமாரி, பலகை, பூனை மரம் என்று உயரத்தில் ஒரு பாதை அமைத்துக் கொடுத்தால் பயந்த பூனைக்கு அது பெரிய உதவி.

வேட்டைக்கும் துரத்தலுக்கும் வளர்க்கப்பட்ட டெரியர், கிரேஹவுண்டு வகைகள் என்றால் கேட் கட்டத்தை இன்னும் நீட்டுங்கள். குட்டியை இன்னும் முடிவு செய்யவில்லை, பூனையோ மிக வயதானது என்றால், பூனைகளோடு வாழ்ந்து பழகிய, நிதானமான வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதையும் யோசியுங்கள். குட்டியின் ஓயாத துள்ளலைவிட அதன் அமைதி கிழப் பூனைக்கு எவ்வளவோ மேல்.

## எந்த வழியிலும் சேர்ந்து வரும் செலவுகள்

உண்ணி மருந்துதான் முதலில். நாய்களுக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அது பூனைக்குக் கடும் நஞ்சு, வலிப்பு வந்து உயிரே போகலாம். மருந்து போட்ட நாயை நக்கினாலோ உரசிப் படுத்தாலோகூட ஏறும். பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் இல்லாத மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பூனைத் தெள்ளு நாயையும் கடிக்கும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து, அவரவர் இனத்துக்குரிய மருந்தைப் போட வேண்டும்.

சாப்பாடு: பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம், குட்டி அதைத் தின்று வயிற்றுப்போக்கில் கிடக்கும். நாய் உணவைப் பூனைக்குத் தொடர்ந்து கொடுக்கவும் முடியாது, பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயமும் கண்ணும் கெடும். பூனைத் தட்டு உயரத்துக்குப் போகட்டும்.

லிட்டர் பாக்ஸ்: குட்டிகளுக்குப் பூனையின் மலம் தின்பண்டம் மாதிரி, கேட்க அருவருப்பாக இருந்தாலும் உண்மை. கட்டியாகும் லிட்டரையும் சேர்த்து விழுங்கினால் குடலில் அடைக்கும். அதோடு, பாக்ஸில் இருக்கும்போது ஒரு தடவை குட்டி வந்து பாய்ந்தால் பூனை அந்த இடத்தையே கைவிட்டுவிடும், அப்புறம் சோபாதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள். பூனையின் நூல் பொம்மைகளையும் அள்ளி உள்ளே வையுங்கள்.

## எப்போது தனியே விடலாம்

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் முதல் வருடம் முழுக்கப் பிரித்தே வைப்பது நல்லது. பழகிவிட்ட குட்டி 6, 7 மாதத்தில் பருவ வயதுக்கு வரும்போது மறுபடி முரட்டுத்தனமாக விளையாடத் தொடங்கும், அப்போது கேட் மறுபடி தேவைப்படும், அதனால் கழற்றித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆண் பூனை லிட்டர் பாக்ஸுக்குப் போய்ப் போய் முக்கிவிட்டுச் சிறுநீர் வராமல் திரும்பினால் காத்திருக்கவே வேண்டாம், நடு இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாரங்கள் போன பிறகும் குட்டியின் மௌன வெறிப்பு குறையவில்லை, பூனை ஒளிந்த இடத்தை விட்டு வெளியே வரவில்லை என்றால், விலங்கு நடத்தையில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்துக் காட்டுங்கள். நடக்கும்போது எடுத்த வீடியோக்கள் சில கையில் இருந்தால் அவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.